சனிக்கிழமைச் சம்பளம்: வளரும் பொருளாதாரத்தில் சிறு தொழில்களின் இடம்

திருப்பூரில் சம்பள நாள் சனிக்கிழமை. பனியன் கம்பெனிகளில் துணி வெட்டுபவர், தைப்பவர், அயர்ன் போடுபவர், பேக்கிங் செய்பவர் என எல்லோருக்கும் வாரக் கணக்குதான். சனிக்கிழமை இருட்டியதும் மளிகைக் கடைகளிலும் புரோட்டாக் கடைகளிலும் நிற்க இடமிருக்காது.

என் சித்தப்பா அந்த ஊரில் இருபது தையல் இயந்திரங்களோடு ஒரு பவர்டேபிள் நடத்தினார். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். ஏற்றுமதி நிறுவனம் வெட்டிக் கொடுக்கும் துணியைப் பண்டல் பண்டலாக வாங்கிவந்து, தைத்துத் திருப்பித் தரும் சிறு தையல் கூடத்துக்குத்தான் அந்தப் பெயர். துணியும் ஆர்டரும் கம்பெனியுடையவை. இயந்திரமும் ஆட்களும் சித்தப்பாவுடையவை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி.

பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவருடைய சனிக்கிழமைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று மணிக்குக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். "பில் பாஸ் ஆகிவிட்டது, கையெழுத்துக்குப் போயிருக்கிறது" என்று பதில் வரும். நான்கு மணிக்கு மறுபடி கூப்பிட்டாலும் அதே பதில்தான். ஐந்து மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இன்னொரு பவர்டேபிள் வைத்திருந்தவரிடம் போவார். திரும்பி வரும்போது சட்டைப் பைக்குள் முப்பதாயிரம் ரூபாய் இருக்கும். எழுத்தும் கிடையாது, வட்டியும் கிடையாது. கைமாற்று. ஆறு மணிக்கு ஒவ்வொரு கவராக எண்ணிப் போட்டு, பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அத்தனை வருடங்களில் ஒரு சனிக்கிழமைகூடச் சம்பளம் தவறியதில்லை.

வளரும் பொருளாதாரத்தில் சிறு தொழில்களின் பங்கு என்ன என்ற கேள்வியை நான் அந்த மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையிலிருந்துதான் பார்க்கிறேன்.

முதலில், எது சிறு தொழில்? அரசு இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம்தான் அடிப்படை. அதன் வரம்புகள் 2020-இலும் பிறகு 2025-இலும் மாற்றப்பட்டன. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திரங்களிலும் கருவிகளிலும் போட்ட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்குள்ளும் இருந்தால் அது குறு நிறுவனம். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். தள்ளுவண்டியில் இட்லி விற்பவரும் ஒன்பது கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்பவரும் 'குறு' என்ற ஒரே பெட்டிக்குள் அடைபடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது பிறகு உதவும்.

வளரும் நாட்டில் இந்தத் தொழில்களுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? விவசாயத்தைப் பார்த்தால் புரியும். இந்தியாவில் உழைப்பவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் இன்றும் விவசாயத்தைச் சார்ந்திருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இத்தனை பேர் இவ்வளவு குறைந்த வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றால், அவர்களில் பலர் வேறு வேலைக்குப் போயே ஆக வேண்டும். எங்கே போவார்கள்? பெரிய ஆலை சான்றிதழ் கேட்கும். அதோடு, அது போடும் கோடிகளில் பெரும்பகுதி இயந்திரத்துக்குப் போகிறது, ஆட்களுக்குக் குறைவாகவே போகிறது. மழை பொய்த்த ஊரிலிருந்து பத்தாம் வகுப்போடு பஸ் ஏறி வருகிறவரை முதல் நாளே உள்ளே விடுவது ஒரு சிறு பட்டறைதான். சித்தப்பாவின் கூடத்தில் தைத்தவர்கள் தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்தவர்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். புறப்படும் ஊர்தான் மாறுகிறது, காரணம் மாறவில்லை.

ஆள் எடுப்பதோடு சிறு தொழில் நிற்பதில்லை. அது தொழில் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடமும்கூட. அங்கே முதலில் உதவியாளாகச் சேர்கிறார்கள். தைத்த துணியின் நூல் பிசிறை வெட்டுவது, பண்டல் எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகள். மதிய இடைவேளையில் இயந்திரம் சும்மா கிடக்கும்போது கழிவுத் துணியில் ஓட்டிப் பழகுகிறார்கள். ஓவர்லாக் தையல் இயந்திரம் பழகி, பிறகு பேட்லாக் இயந்திரமும் பழகிவிட்டால் டெய்லர். சம்பளம் இல்லாமல் இந்தப் பாடத்தை யாரும் கற்கத் தேவையில்லை; கற்கும் காலத்திலேயே வாரச் சம்பளம் கையில் வருகிறது. சில வருடம் கழித்துச் சிலர் இரண்டு பழைய இயந்திரங்களை வாங்கி வீட்டுத் திண்ணையில் போடுகிறார்கள். சித்தப்பாவும் அப்படித் தொடங்கியவர்தான். அந்த ஊரின் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் தொழிலாளியாக இருந்தவர்கள் என்பது அங்கே எல்லோரும் அறிந்த செய்தி.

இது எப்படிச் சாத்தியமாகிறது? ஒரு டி-சட்டையின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் தெரிந்துவிடும். நூற்பாலையிலிருந்து கோன் நூல் வருகிறது. நிட்டிங் கூடத்தில் அது துணியாகிறது. அங்கிருந்து சாயப்பட்டறை. பிறகு சுருக்கம் சரிசெய்யும் காம்பாக்டிங். பிறகு கட்டிங் மேசை. நெஞ்சில் படம் வேண்டுமென்றால் பிரிண்டிங் பட்டறை, பூ வேலை என்றால் எம்பிராய்டரி. பிறகுதான் பவர்டேபிள். கழுத்துப் பட்டி வைத்த சட்டையாக இருந்தால் காஜா பட்டனுக்குத் தனிக் கூடம். பிறகு செக்கிங், அயர்ன், பேக்கிங். லேபிள் அச்சிடுபவர், பாலித்தீன் பை செய்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், ஊசி விற்கும் கடைக்காரர், இயந்திரம் பழுதானால் வரும் மெக்கானிக், இத்தனை கூடங்களுக்கும் நடுவே நாள் முழுக்க ஓடும் டாடா ஏஸ் வண்டிகள் தனி. வெட்டி விழுந்த துண்டுகளும் வீணாவதில்லை. அவை பனியன் வேஸ்ட் என்ற பெயரில் எடை போட்டு விற்கப்பட்டு, உங்கள் ஊர் மெக்கானிக் கடையில் கிரீஸ் துடைக்கும் துணியாக வந்து சேர்கின்றன.

இந்தப் பல கட்டங்களையும் ஒரே கூரையின்கீழ் செய்யும் பெரிய நிறுவனங்களும் அங்கே உண்டு. ஆனால் கட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்திருப்பதில்தான் ஏழைக்கு வாசல் திறக்கிறது. முழு ஆலை வைக்கப் பல கோடி வேண்டும். காஜா போடும் இயந்திரம் ஒன்றை வாங்கச் சில ஆயிரங்களோ சில லட்சங்களோ போதும். வேலை துண்டு துண்டாகப் பிரிந்ததால் தேவையான முதலும் துண்டு துண்டாகிவிட்டது. ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தொழிலுக்குள் நுழைய முடிகிறது. மற்றக் கட்டங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. ஒரே தொழிலின் பல சிறு நிறுவனங்கள் இப்படி ஓரிடத்தில் கூடியிருப்பதைத் தொழில் திரள் என்பார்கள். சிவகாசியின் அச்சும் பட்டாசும், கோவையின் பம்பு மோட்டார்களும் இதே வகை.

1920-களில் உள்ளூர் பனியனோடு தொடங்கிய திருப்பூர், 1970-களின் இறுதியில் ஏற்றுமதிக்குள் கால்வைத்தது. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை வெளிநாடு போகிறது. 2009-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகரமாகவும் ஆகிவிட்டது. நாடு முழுவதற்கும் பார்த்தால், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 30 சதவீதமும் ஏற்றுமதியில் ஏறத்தாழ 45 சதவீதமும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களிடமிருந்து வருவதாக அரசு சொல்கிறது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

2015-16-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்தியாவில் இத்தகைய நிறுவனங்கள் 6.34 கோடி என்றும் அவற்றில் 11.10 கோடிப் பேர் வேலை செய்கிறார்கள் என்றும் சொன்னது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை, அதுவும் உரிமையாளரையும் சேர்த்து. அந்த 6.34 கோடியில் 6.30 கோடி குறு நிறுவனங்கள். சிறு நிறுவனங்கள் 3.31 லட்சம். நடுத்தர நிறுவனங்கள் வெறும் 5,000. தொழிற்சாலைச் சட்டத்திலும் கம்பெனிச் சட்டத்திலும் பதிவானவை இந்தக் கணக்கெடுப்பில் வரவில்லை. அவற்றைச் சேர்த்தால் நடுத்தரத்தின் எண்ணிக்கை கூடும். ஆனாலும் படம் மாறாது. கீழே கோடிக்கணக்கில் மிகச் சிறியவை, மேலே சில பெரியவை, நடுவே வெற்றிடம். வளரும் நாடுகள் பலவற்றில் இதே படம்தான் தெரிகிறது.

ஆகவே சிறு தொழில் என்று ஒரே சொல்லால் நாம் இரு வேறு விஷயங்களைக் குறிப்பிடுகிறோம். ஒன்று பிழைப்புக்கான தொழில். வேலை கிடைக்காததால் ஒருவர் பெட்டிக்கடை வைக்கிறார். நல்ல வேலை கிடைத்தால் நாளையே மூடிவிடுவார். அந்தக் கடை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அது சிறிய விஷயம் இல்லை, ஆனால் அது இரண்டாவது ஆளுக்கு வேலை தரப்போவதில்லை. மற்றொன்று வளரக்கூடிய தொழில். ஆர்டர் வந்தால் இருபது இயந்திரத்தை நாற்பதாக்கத் தயாராக இருப்பவர் நடத்துவது. நாட்டின் பொருளாதாரம் ஏறுவது இந்த இரண்டாவது வகையால்தான். 'சிறு தொழிலுக்கு உதவி' என்று இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும்போது இரண்டுக்குமே பலன் குறைகிறது. முதல் வகைக்குத் தேவை குடும்பத்தைத் தாங்கும் பாதுகாப்பு. இரண்டாவது வகைக்குத் தேவை தடையில்லாத பாதை.

அந்தப் பாதையில் தடை எது? சில தடைகளை நாமே கட்டினோம். சிறிய நிறுவனங்களைப் பெரியவற்றிடமிருந்து காக்க, 1967-இல் 47 பொருள்களைச் சிறு தொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். பட்டியல் பிறகு 800-ஐத் தாண்டியது. பின்னலாடையும் அதில் நெடுங்காலம் இருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சிறியவராக இருக்கும்வரை பாதுகாப்பு, வளர்ந்தால் அது போய்விடும் என்றால் யார் வளர்வார்? ஒரு கூடத்தைப் பெரிதாக்காமல், மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று பிரித்தார்கள். பட்டியலில் எஞ்சியிருந்த கடைசி 20 பொருள்கள் 2015-இல் நீக்கப்பட்டன. பழக்கம் மட்டும் உடனே போய்விடவில்லை.

சிறியதாக இருப்பதற்கு வேறு விலையும் உண்டு, அதைக் கொடுப்பது பெரும்பாலும் அடுத்தவர். திருப்பூரின் சாயப்பட்டறைகள் நொய்யலாற்றில் விட்ட கழிவுநீர், 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத்தேக்கமாக மாற்றியது. கீழே நிலம் வைத்திருந்த விவசாயிகளின் கிணறும் தென்னையும் கெட்டன. அவர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சிறு பட்டறையால் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்பது உண்மை. அந்தச் செலவை விவசாயி சுமந்தார் என்பதும் உண்மை. பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துவதும், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகாதபடி நீரை மீட்பதும்தான் பிறகு வழியாயின. பல இடங்களில் இருபது வருடம் உழைத்தவர் வைப்பு நிதியோ மருத்துவக் காப்பீடோ இல்லாமல் வீட்டுக்குப் போவதையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். தொழிலாளியின் முதுமைச் செலவு அந்த டி-சட்டையின் விலையில் சேரவே இல்லை.

வளரக்கூடியவரை வளரவிடாமல் பிடித்து வைப்பவற்றில் முதன்மையானது எது என்று கேட்டால், எல்லோரும் 'கடன் கிடைப்பதில்லை' என்பார்கள். அதற்குத் திட்டங்கள் இருக்கின்றன. சொத்து அடமானம் இல்லாத கடனுக்கு உத்தரவாதம் தரும் நிதியம் 2000-இல் வந்தது. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை இருந்த வரம்பு, முந்தைய கடனைச் சரியாகக் கட்டியவர்களுக்கு இப்போது 20 லட்சம் வரை உயர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டத் தொழில் மையத்தைக் கேட்டால் மானியத்தோடு கூடிய திட்டங்களையும் சொல்வார்கள். இவை தேவைதான். ஆனால் என் சித்தப்பாவுக்கு மூன்று மணிக்கு வேண்டியிருந்தது கடன் இல்லை. தைத்துக் கொடுத்து ஒன்றரை மாதம் ஆன வேலைக்கான கூலி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு பவர்டேபிள் வாரத்துக்கு 1,25,000 ரூபாய்க்கு பில் போடுகிறது. சம்பளம் 95,000. வாடகை, மின்சாரம், தையல் நூல், பழுது பார்ப்பது எல்லாம் 20,000. கையில் நிற்பது வாரத்துக்கு 10,000, மாதத்துக்கு ஏறத்தாழ 40,000. லாபமான தொழில்.

இப்போது பில் பணம் எட்டு வாரம் கழித்து வருகிறது என்று வையுங்கள். ஆனால் டெய்லருக்கு எட்டு வாரம் கழித்துச் சம்பளம் தர முடியாது. வாரம் 1,15,000 வீதம் எட்டு வாரத்துக்கு 9,20,000 ரூபாயை முதலில் தானே போட வேண்டும். அதை வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 18,400 ரூபாய் வட்டி. லாபத்தில் ஏறத்தாழ பாதி போய்விட்டது. நான்கு வாரத்தில் பணம் வந்தால் வட்டி 9,200-தான். தையல் அதே, ஆட்கள் அதே, விலையும் அதே. வரும் தேதி மட்டும்தான் மாறியது.

இன்னும் ஒரு படி போங்கள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று கம்பெனி ஆர்டரை இரட்டிப்பாக்குகிறது. ஊரே பாராட்டுகிறது. ஆனால் இப்போது அவர் முன்கூட்டியே போட வேண்டிய பணம் 18,40,000. லாபம் சேர்த்து அந்தத் தொகையை எட்டுவதற்குள் சனிக்கிழமைகள் வந்துகொண்டே இருக்கும். ஆர்டர் இல்லாமல் மூடியவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆர்டர் நிறைய வந்ததால் மூடியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஏட்டில் லாபம் இருக்கும், பெட்டியில் பணம் இருக்காது. நடைமுறை மூலதனம் என்று வங்கியில் சொல்வது இந்தப் பணத்தைத்தான். தொழில் தொடங்க நினைக்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, "இயந்திரம் வாங்கப் பணம் இருக்கிறதா?" என்பதல்ல, "எட்டு வாரச் சம்பளம் தனியாக இருக்கிறதா?" என்பதுதான்.

இப்படிப் பார்த்தால், சின்னவர் பெரியவருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கடனைத் தாங்க முடியாதபோது அடுத்த தெருச் சின்னவரிடம் கைமாற்று வாங்குகிறார். கைமாற்று ஒரு பெரிய விஷயம். ஒரே தொழிலில் போட்டியிடும் இருவர், ஒருவர் சனிக்கிழமையை மற்றவர் காப்பாற்றுகிறார்கள். எந்த வங்கியும் கேட்காத கேள்விகளுக்கு அங்கே பதில் தெரியும். அவர் கூடத்தில் எத்தனை இயந்திரம் ஓடுகிறது, எந்தக் கம்பெனியின் பண்டல் கிடக்கிறது, போன முறை சொன்ன நாளில் தந்தாரா என்பதெல்லாம் தெரிந்த பிறகு எழுத்து எதற்கு? ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அடி விழுந்தால் கைமாற்று நின்றுவிடும். 2016 நவம்பரில் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோதும் 2020 பொது முடக்கத்திலும் கொடுப்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒன்றாகவே காலியாக இருந்தன.

சட்டம் இந்தத் தாமதத்தைப் பார்க்காமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் அதே சட்டம், குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க ஒவ்வொரு மாநிலத்திலும் மன்றம் இருக்கிறது. இதைக் கேட்க முதலில் உதயம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு, வேண்டும். இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட பில்லை ஏலத்துக்கு விட்டு, சிறு வட்டி கழித்து உடனே பணம் பெறும் இணையச் சந்தைகளும் 2017 முதல் இயங்குகின்றன.

கல்லூரியில் இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகமாகப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். "புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் தம்பி, அடுத்த பண்டல் வராது" என்றார்.

உரிமை ஏட்டில் இருப்பதற்கும் அதைக் கேட்க முடிவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அதுதான். அதைக் குறைத்தது, நான் பார்த்த வரையில், புகாரே தேவைப்படாத ஒரு விதி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொன்ன நாளுக்குள் பணம் தராமல், ஆண்டு முடியும்போதும் பாக்கி வைத்திருந்தால், வாங்கிய நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. காட்ட முடியாவிட்டால் அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழித்துக்கொள்ளலாம். சிலர் இதற்குப் பயந்து, உதயம் பதிவு இல்லாதவர்களிடம் வேலையைக் கொடுக்கலாமா என்று யோசித்ததும் நடந்தது. ஆகவே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் 2024 மார்ச் மாதத்தில் சித்தப்பாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. இத்தனை வருடமும் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கணக்குப் பிரிவிலிருந்து, முதல் முறையாக அவர்களே கூப்பிட்டார்கள். உதயம் சான்றிதழின் நகல் வேண்டுமாம். மாத முடிவுக்குள் பழைய பில்கள் மூன்றும் ஒன்றாக வங்கிக் கணக்கில் ஏறின. அந்த வாரச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் கவர்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.